முன்றில் அணிலும் வெட்டவெளிக் கானமயிலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் பேசுவதற்குத் தலைப்பு ஒன்று தருமாறு செயலாளர் கேட்டபோது இந்தத் தலைப்பைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஐயா, இதில் இலக்கியம் எங்கே வருகிறது?" என்று மெதுவாகக் கேட்டார். "வரும், பொறுத்திருங்கள்" என்று சொல்லிவைத்தேன். நான் முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். கவிதை எழுதத் தெரியாதவன். ஆனால் கவிதை கேட்கத் தெரிந்தவன் என்பதற்கு இந்த வட்டத்தின் வருகைப் பதிவேடு சான்று சொல்லும். ஆகவே எனக்குத் தெரிந்த துறையிலிருந்து இரண்டு உயிர்களை அழைத்து வந்திருக்கிறேன். ஒன்று, கணக்கில் அடங்காத எண்ணிக்கையில் நம்மோடு வாழும் அணில். மற்றொன்று, உலகம் முழுவதிலும் காட்டில் எஞ்சியிருப்பவை 150க்கும் குறைவு என்று மதிப்பிடப்படும் கானமயில். இவ்விரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் நம் அன்பின் இயல்பைப் பற்றியே ஒரு செய்தி கிடைக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில் எளியதைப் பார்ப்போம். நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் கூடத்தின் பின்புறத்து வேப்பமரத்தில் ஓர் அணில் விடாமல் கத்திக்கொண்டிருக்கிறது. தன்னைப் பற்றிய கூட்டத்திற்குத் தன்னை அழைக்கவில்லையே என்று அது கேட்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

அணிலைத் தமிழ் நெடுங்காலமாக அறியும். தொல்காப்பியத்தின் மரபியல், விலங்குகளின் இளமைப் பெயர்களை வரையறுக்கும் இடத்தில் அணிலையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே வெறுமனே அணில் என்று சொல்லாமல், மூன்று வரிகளை உடைய அணில் என்று அடைகொடுத்துச் சொல்கிறது. இதைப் படிக்கும் புலவர்கள் இலக்கணத்தைப் பார்ப்பார்கள். நான் அந்த மூன்றைப் பார்த்தேன். இந்திய ஊர்களில் மனிதரை ஒட்டி வாழும் அணில்களில் இரண்டு இனங்கள் முதன்மையானவை. விந்தியத்திற்குத் தெற்கேயும் இலங்கையிலும் பரவியிருப்பது மூவரி அணில். வட இந்தியாவில் பரவியிருப்பது ஐவரி அணில். தொல்காப்பியர் தம் முற்றத்து அணிலைத்தான் பார்த்திருக்கிறார், எண்ணியும் பார்த்திருக்கிறார். இன்றைய விலங்கியலார் இனம் பிரிக்கக் கையாளும் அடையாளத்தையே அவரும் அடையாக வைத்திருக்கிறார். நூற்பா எழுதுவதற்கு முன் உயிரை உற்றுப் பார்க்க வேண்டும் என்ற பாடத்தை அந்த ஓர் அடைமொழியிலிருந்து நான் பெற்றுக்கொண்டேன்.

சங்கப் புலவர்கள் அணிலை இன்னும் நெருங்கிப் பார்த்தவர்கள். குறுந்தொகையில் ஒரு புலவருக்கு அவர் பெற்றோர் இட்ட பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடிய பாட்டில் வந்த ஒரு தொடரே அவருக்குப் பெயராகிவிட்டது: அணிலாடு முன்றிலார். பாலைத்திணைப் பாடல் அது. காதலன் அருகில் இருக்கும்போது திருவிழா நடக்கும் ஊரைப் போல் மகிழும் தலைவி, அவன் பிரிந்த நாளில் மக்கள் விட்டுப்போன சிற்றூரின் வெறுமையான வீட்டைப் போல் ஆகிவிடுகிறாள். அந்த வீட்டில் ஆள் இல்லை என்பதைக் காட்டப் புலவர் இடிந்த சுவரைக் காட்டவில்லை. மனிதர் நடமாடிய முற்றத்தில் அச்சமின்றி விளையாடும் ஓர் அணிலைக் காட்டினார். ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த முற்றம் நம் கண்முன் கிடக்கிறது.

புறநானூற்றில் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும் வேளையில் பாடிய பாடலை நீங்கள் அறிவீர்கள். கைம்மை நோன்பின் உணவைப் பற்றிச் சொல்லும் இடத்தில், வெள்ளரிக்காயின் கோடுகளை அவள் அணிலின் வரிகளோடு ஒப்பிடுகிறாள். ஈமத்தீயின் முன் நிற்கும் ஒருத்தியின் நாவில் அணில் வருகிறதென்றால், அது அவள் அன்றாட வாழ்வில் எவ்வளவு கலந்திருக்க வேண்டும்! பின்னர்த் தொண்டரடிப்பொடியாழ்வார் திருமாலையில், அணை கட்டும் பணிக்கு உதவிய அணில்களைப் பாடினார். வான்மீகத்திலும் கம்பனிலும் காணப்படாத அந்தச் செய்தி, இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. அணிலின் முதுகில் உள்ள கோடுகள் இராமனின் விரல் தடங்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். நம் அணிலை 'அணிற்பிள்ளை' என்றே கொஞ்சுகிறோம். சிறு உயிர் ஒன்றிற்கு ஒரு மொழி இதைவிட என்ன தர முடியும்?

இவ்வளவும் அதற்கு ஏன் வாய்த்தது? அது நம் அருகில் வாழ ஒத்துக்கொண்டது என்பதுதான் காரணம். ஏறத்தாழ 100 கிராம் எடையுள்ள உடல். பழம், கொட்டை, விதை, பூச்சி, நாம் சிந்தும் சோறு என்று எதையும் உண்ணும் வயிறு. தேங்காய் நார், பஞ்சு, கிழிந்த துணி ஆகியவற்றைக் கொண்டு கூரையிடுக்கிலும் கட்டிவிடும் கூடு. ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள். ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஈற்று. மரத்தை வெட்டினால் மதிலுக்கு வரும். மதிலை இடித்தால் மாடிக்கு வரும். தெருவில் மின்கம்பியும் தொலைபேசிக் கம்பியும் கட்டினோம். அவற்றையும் தன் பாதையாக்கிக்கொண்டது. இந்த அணில்களின் பேரினத்திற்கு விலங்கியலார் வைத்த இலத்தீன் பெயர் ஃபுனாம்புலஸ். கயிற்றின் மேல் நடப்பவன் என்பது அதன் பொருள். நம் ஊர் வழக்கில் கழைக்கூத்தாடி. இந்தக் கம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இதற்கு வருவேன்.

இனி அரியதைப் பார்ப்போம்.

கானமயில் நம் நாட்டின் மிகப் பெரிய பறவைகளுள் ஒன்று. ஆண் பறவை நிமிர்ந்து நின்றால் ஒரு மீட்டர் உயரம் இருக்கும். 10 கிலோவைத் தாண்டிய எடை உடையது. உலகில் பறக்கும் ஆற்றலுள்ள பறவைகளில் மிக்க எடை உடையவற்றின் வரிசையில் வைத்து எண்ணப்படுவது. வெளிறிய நீண்ட கழுத்து, பழுப்பு முதுகு, தலையில் கறுப்பு உச்சி. 1831இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டிய விகர்ஸ், அந்தக் கறுந்தலையையே பெயராக்கினார். காலில் முன்விரல்கள் மூன்று மட்டுமே உண்டு, பின்விரல் இல்லை. ஆகவே கிளையைப் பற்றி அமர இயலாது. தரையில் நடந்து, தரையில் உண்டு, தரையிலேயே முட்டையிடும் பறவை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண், வாலை முதுகின் மேல் நிமிர்த்தி, கழுத்துப் பையை ஊதித் தரைவரை தொங்கவிட்டு, அரை கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும் ஆழ்ந்த குரலை எழுப்பும்.

இதன் பெயரைப் பாருங்கள். கானம் என்றால் காடு. ஆனால் இது அடர்காட்டுப் பறவை அன்று. மயில் என்கிறோம், மயிலும் அன்று. இரண்டு சொற்கள் சேர்ந்த பெயரில் இரண்டும் பொருந்தவில்லையே என்று முதலில் நான் எண்ணினேன். பின்னர் முல்லைத் திணையை நினைத்துப் பார்த்தபோது தெளிவு பிறந்தது. முல்லைக் காடு என்பது வானை மறைக்கும் மழைக்காடு அன்று. ஆயர் ஆநிரை மேய்க்கும் புல்லும் புதரும் விரவிய வெளியும் அதில் அடங்கும். அந்தக் கானத்தின் பறவை என்று கொண்டால் பெயர் பொருந்திவிடுகிறது. மராட்டியர் இதனை 'மாள்டோக்' என்கின்றனர். அதில் உள்ள 'மாள்' மேட்டுப் புல்வெளியைக் குறிக்கும் சொல். தெலுங்கில் 'பட்டமேக', இராஜஸ்தானத்தில் 'கோடாவண்'. இந்தப் பெயர்களை அங்குள்ள ஆயர்களும் உழவர்களும் வாயால் சொல்கிறார்கள். நம் 'கானமயில்' பறவை நூல்களில்தான் உயிரோடிருக்கிறது.

தமிழ்நாட்டிற்கும் இந்தப் பறவைக்கும் உறவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பஞ்சாப் முதல் தமிழ்நாடு வரை இந்தியாவின் பெரும்பகுதியில், மழை குறைந்த புல்வெளிகள் எங்கெல்லாம் இருந்தனவோ அங்கெல்லாம் இது வாழ்ந்திருக்கிறது. இன்று எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை இராஜஸ்தானத்தின் தார்ப் பாலையில் இருக்கின்றன. பிற மாநிலங்களில் விரல்விட்டு எண்ணத்தக்கனவே. நம் மண்ணிலிருந்து அது போனபோது யாரும் இரங்கற்பா பாடியதாகத் தெரியவில்லை. போனது தெரிந்தால்தானே பாடுவதற்கு!

இந்த இடத்தில் ஒரு சொல்லாராய்ச்சியைத் தொட்டுச் செல்ல விரும்புகிறேன். ஔவையாரின் மூதுரையில் கானமயில் ஆடுவதைப் பார்த்துத் தானும் ஆடிய வான்கோழியை நாம் எல்லோரும் பள்ளியில் படித்தோம். அங்கே கானமயில் என்பது காட்டில் வாழும் மயில்தான். ஆனால் வான்கோழி எது? இன்று நாம் வான்கோழி என்று சொல்லும் பறவை அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பிறகே உலகின் இப்பகுதிக்கு வந்தது. வாலை நிமிர்த்தி, கழுத்தை உப்பி, ஏதோ மயிலைப் பார்த்து ஆடுவது போல் ஆடும் பெரும் பறவை ஒன்று அதற்கு முன்பே இந்நாட்டில் இருந்தது. அந்தப் பறவையைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். இதை முடிந்த முடிபாக நான் சொல்ல வரவில்லை. தமிழறிஞர்கள் ஆராய வேண்டியது. நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. அணிலின் முதுகு வரிகளை எண்ணி வைத்திருக்கும் ஒரு மொழியில், ஒரு மீட்டர் உயரப் பறவைக்கு எது பெயர் என்பதே ஐயத்திற்கு இடமாகிவிட்டது.

கானமயில் என்றைக்கும் அரிதாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தக்காணத்தில் பணியாற்றிய சைக்ஸ் என்ற ஆங்கில இயற்கையியலார், அங்கே இது பரவலாகக் காணப்பட்டதையும், ஒரே கனவான் ஆயிரம் பறவைகளைச் சுட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். ஒரு தனிமனிதர் சுட்டவற்றின் தொகை, இன்று உலகில் காட்டில் எஞ்சியவற்றைப்போல ஆறு மடங்குக்கு மேல்! பொது என்பதும் அரிது என்பதும் உயிரோடு பிறந்த குணங்கள் அல்ல. ஒரு காலத்தின் கணக்கு இன்னொரு காலத்தில் மாறிவிடுகிறது. வேப்பமரத்து அணிலுக்கும் இது பொருந்தும்.

துப்பாக்கி ஓய்ந்த பிறகும் கானமயில் ஏன் பெருகவில்லை? அதன் வாழ்வின் முறை அப்படி. பெண் பறவை ஓர் இனப்பெருக்கக் காலத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும், அதுவும் வெறுந்தரையில். கூடு என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. ஏறத்தாழ 27 நாட்கள் அடைகாப்பதும், பிறகு குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவதும் தாய் மட்டுமே. அந்த நாட்களில் ஒரு நரி வந்தாலும், ஊர் நாய் வந்தாலும், மந்தை மிதித்தாலும் அந்த ஆண்டின் கணக்கு முடிந்துவிடும். நம் வட்டத்திற்குப் பத்து வயது. இந்தப் பத்தாண்டுகளில் கூடத்துக் கூரையில் எத்தனை தலைமுறை அணில்கள் பிறந்தன என்று எண்ண இயலாது. ஒரு கானமயில் தாய் ஆண்டு தவறாமல் இட்டிருந்தாலும் பத்து முட்டைகள். அவற்றில் எத்தனை பறவைகளாயின என்பது வேறு கணக்கு.

2017 டிசம்பரில் நான் ஜெய்சல்மேருக்குப் போயிருந்தேன். இந்தப் பறவையை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பது விலங்கியல் மாணவனாக இருந்த காலத்து ஆசை. பாலைவனத் தேசியப் பூங்காவின் எல்லையில் எனக்கு வழிகாட்டியவர் ஆடு மேய்க்கும் முதியவர் ஒருவர். முதல் நாள் காலையிலும் மாலையிலும் நடந்தோம், ஒன்றும் காணவில்லை. இரண்டாம் நாள் வெயில் ஏறும் நேரத்தில் அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார். வெகு தொலைவில், சேவண் புல்லின் பொன்னிறத்திற்கு மேல், வெளிறிய கழுத்து ஒன்று தெரிந்தது. தலையைச் சற்றே உயர்த்தி, அவசரமில்லாமல், தன் நிலத்தைப் பார்வையிடும் பெரியவரைப் போல் அது நடந்தது. நான் என்னை அறியாமல் இரண்டடி முன்னே வைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போக வேண்டாம் பாபுஜி. அது நம்மைப் பார்த்துவிட்டது. இனி நாம் நின்றால்தான் அது நிற்கும்" என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் இவ்வளவுதான் விளங்கியது. அவ்வளவு விளங்கியதே போதும் என்று இன்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் வழியில்தான் கம்பிகளைப் பார்த்தேன். ஒரு தொடுவானத்திலிருந்து மறு தொடுவானம் வரை கோபுரங்கள். அவற்றை இணைக்கும் உயரழுத்த மின்கம்பிகள். காற்றாலைகளிலிருந்தும் சூரிய ஒளி மின் நிலையங்களிலிருந்தும் மின்சாரத்தைச் சுமந்து செல்பவை. கானமயிலின் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்தவை. சுற்றிலும் வரும் பகையைக் காண உதவும் அந்த அமைப்பு, நேர் எதிரே இருப்பதைக் காணப் போதுமானதாக இல்லை. கம்பியைக் கண்டுகொள்ளும்போது அது மிக அருகில் வந்துவிடுகிறது. கனத்த உடலைச் சட்டென்று திருப்ப முடிவதில்லை. தார்ப் பகுதியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் இவ்வாறு மோதி இறப்பதாக இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தார் மதிப்பிட்டிருக்கின்றனர். இருப்பதே நூற்றைம்பதுக்குக் கீழ் என்பதை மறக்காமல் இந்த எண்ணைக் கேளுங்கள்.

நண்பர்களே, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன கம்பி இதுதான். அணிலுக்குப் பாதையான அதே கம்பி, கானமயிலுக்குக் காலனாயிற்று. இதில் வில்லன் என்று யாரைச் சுட்டுவது? நிலக்கரியைக் குறைத்துக் கதிரொளியிலிருந்து மின்சாரம் எடுப்பது உலகின் நன்மைக்காக. அந்த நன்மையின் குறுக்கே ஒரு பறவையின் வழி செல்கிறது. இந்த வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2021 ஏப்ரலில் நீதிமன்றம், கானமயிலின் வாழிடங்களில் இயன்ற இடங்களிலெல்லாம் மின்தடங்களை நிலத்தடியில் பதிக்கும்படி ஆணையிட்டது. 2024 மார்ச்சில், பரந்த நிலப்பரப்பு முழுவதற்கும் அது நடைமுறையில் இயலாது என்ற வாதத்தை ஏற்று, முன்னைய ஆணையைத் திருத்தி, வல்லுநர் குழு ஒன்றை அமைத்தது. இரண்டு நன்மைகள் ஒன்றோடொன்று மோதும் இடம் அது. காவியங்கள் இத்தகைய இடங்களில்தான் பிறக்கின்றன. கவிஞர்களாகிய நீங்கள் அறிவீர்கள்.

முயற்சிகள் இல்லாமல் இல்லை. காட்டிலிருந்து எடுத்த முட்டைகளை 2019 முதல் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் செயற்கையாக அடைகாத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து வளர்க்கிறார்கள். 2024 அக்டோபரில் செயற்கைக் கருவூட்டல் வழியாகவும் ஒரு குஞ்சு பிறந்தது. அங்குள்ள மையங்களில் வளரும் பறவைகளின் எண்ணிக்கை 2025இல் 60ஐத் தாண்டியது. கூண்டில் வளர்ந்த பறவைக்கு ஒருநாள் வெளி தேவைப்படும். அன்றைக்கு அந்த வெளி இருக்குமா என்பதுதான் கேள்வி.

இங்கே நம் இலக்கியத்தின் பக்கம் திரும்புகிறேன். செயலாளரும் சற்று நிமிர்ந்து உட்காரலாம்.

நம் மரபில் உயிர்களிடத்து அன்பு என்பது பெரும்பாலும் கொடுப்பதாகவே பேசப்பட்டிருக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்தான் பேகன். முல்லைக்குத் தேர் தந்தான் பாரி. புறாவுக்காகத் தன் தசையையே அரிந்து தந்தான் ஒரு சோழன். நம் பாட்டிமார் அணிலுக்குப் பழம் வைத்தார்கள்; காக்கைக்குச் சோறு வைத்தார்கள். இந்த அன்பு உயர்ந்தது. ஆனால் இது முற்றத்திற்கு வரும் உயிர்களுக்கான அன்பு. கானமயில் நம் முற்றத்திற்கு வராது. நம் கையிலிருந்து அதற்கு வேண்டிய பொருள் எதுவும் இல்லை. பேகனின் போர்வையால் அதற்குப் பயனில்லை. பேகன் போர்வையோடு நெருங்கி வந்தால் அது முட்டையை விட்டு எழுந்து போய்விடும். அதற்கு வேண்டியதெல்லாம், நாம் போகாமல் விட்டுவைக்கும் ஒரு வெளி. அணிலை நேசிப்பவன் கை நீட்டுகிறான். கானமயிலை நேசிப்பவன் கையை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அந்த முதியவர் என் கையைப் பிடித்து நிறுத்தியபோது கற்றுக்கொடுத்தது இந்த இரண்டாவது அன்பைத்தான்.

இது நம் மரபுக்கு முற்றிலும் அயலானது என்றும் சொல்ல முடியாது. இராஜஸ்தானத்தில் ஓரண் என்று ஒன்று உண்டு. தெய்வத்தின் பெயரால் ஊரார் விட்டுவைத்த வெளி. அங்கே கால்நடை மேயலாம், மரம் வெட்டலாகாது, உழலாகாது. ஜெய்சல்மேரின் தேக்ராய் ஓரண் போன்ற இடங்களுக்குக் கானமயில்களும் வந்து போகின்றன. நம் ஊர்களின் கோயிற்காடுகளும் இதே அறிவின் பிள்ளைகள்தாம். ஐயனார் பெயரைச் சொல்லி ஒரு காட்டை விட்டுவைத்தவர்கள், விலகி நிற்பதும் ஒரு வழிபாடு என்று அறிந்திருந்தார்கள்.

ஊரார் மனம் கலக்காத காவல் நிலைப்பதில்லை என்பதற்கும் சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981இல் கானமயிலுக்கென்றே ஒரு சரணாலயம் அமைத்தார்கள். அதன் எல்லைக்குள் மக்களின் சொந்த நிலங்களும் அடங்கின. நிலத்தை விற்கவும் வாங்கவும் தடைகள் வந்தன. பறவை என்றாலே வெறுப்பு என்ற நிலை உருவாயிற்று. 1990களில் அங்கே பறவை மறைந்துவிட்டது. 2022இல் சரணாலயம் என்ற பெயரும் நீக்கப்பட்டது. சட்டம் வேலி போடலாம். வேலிக்கு இருபுறமும் உள்ள மனத்தை அதனால் உழ முடியாது. அந்தப் பணி மொழியின் பணி.

மொழியின் பணி என்றேன். ஒரே ஒரு சொல்லை எடுத்துக்காட்டி அமைகிறேன். தரிசு. உழப்படாத புல்வெளியை நம் பதிவேடுகள் அந்தச் சொல்லால் அழைக்கின்றன. அரசு வெளியிடும் தரிசுநில வரைபடங்களில் இயற்கையான புல்வெளிகளும் புதர்வெளிகளும் பெருமளவில் அடங்கியிருக்கின்றன. தரிசு என்று பெயர் வைத்துவிட்டால், அதன் மேல் எதை வைத்தாலும் முன்னேற்றமாகிவிடும். மரம் நட்டாலும் சரி, ஆலை கட்டினாலும் சரி. மரம் நடுவதும் புல்வெளிப் பறவைக்குத் தீங்காகக் கூடும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணியிருக்கிறோம்? நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தபோது பயனற்ற நிலம் என்று ஒரு திணை வைக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று இளங்கோவடிகள் சொன்னார். அந்தப் பாலைக்கும் தெய்வம் உண்டு, பறவை உண்டு, பண் உண்டு. ஐந்து நிலத்திற்கும் பாட்டு வைத்திருந்த மொழியில் இருந்துகொண்டு, புல்வெளியைத் தரிசு என்று நாம் எழுதலாமா? அதைப் புல்வெளி என்றும், மேய்ச்சல் நிலம் என்றும், முல்லை என்றும் பெயர் சொல்லி அழைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

கானமயிலைப் பற்றி ஒப்பாரி எழுதுங்கள் என்று கேட்க நான் வரவில்லை. இன்னும் இறவாத பறவைக்கு ஒப்பாரி தகாது. அதை ஏதேனும் ஓர் உயர்ந்த கருத்தின் குறியீடாக்கிவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். குறியீடான பறவைக்கு நிலம் தேவைப்படுவதில்லை. தொல்காப்பியர் அணிலை எண்ணியது போல் எண்ணிப் பார்த்து எழுதுங்கள். மூன்று விரல், ஒரு முட்டை, கறுத்த உச்சி, அரை கிலோமீட்டர் கேட்கும் குரல். அணிலாடு முன்றிலார் ஆளில்லா வீட்டின் துயரை ஓர் அணிலால் சொன்னார். பறவையில்லா வெளியின் துயரை எதைக் கொண்டு சொல்வது என்பது உங்கள் முன் நிற்கும் கேள்வி. அதற்கு விடை காணும் கவிஞர் இந்தக் கூடத்திலேயே இருக்கக் கூடும். அவருக்கும் பிற்காலத்தார் அவர் பாட்டின் தொடரையே பெயராக வைக்கட்டும்.

அணை கட்டிய கதையில் அணில் மணலைச் சுமந்து வந்து உதவியது. அந்தச் சிறு உதவியை நாம் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். நம் காலத்தில் சில இடங்களுக்கு மணலைக் கொண்டு போகாமலும், சில இடங்களிலிருந்து மணலை எடுக்காமலும் இருப்பதே உதவி. அப்படி இருந்தவர்களைப் பாடும் கதை இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த பத்தாண்டில் இந்த வட்டம் அதை எழுதட்டும்.

வேப்பமரத்து அணில் ஓய்ந்துவிட்டது. நானும் ஓய்வதே முறை.